அப்பன்களைக் கேட்காத கணக்கு

பிள்ளைப்பேறு பற்றி இங்கே வந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால், இந்த நாட்டுப் பெண்கள் தனியாகவே கருத்தரிக்கிறார்களோ என்று தோன்றும். 1992-93, 1998-99 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின் முதல் இரண்டு சுற்றுகளும் மணமான பெண்களிடம் மட்டுமே பேசின. எத்தனை பெத்தே, எத்தனை செத்தது, எப்போ ஆபரேஷன் பண்ணிக்கிட்டே எல்லாம் அவளுக்குத்தான். 2005-06இல்தான் ஆண்களுக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. 2019-21 சுற்றில் பேசியது 7,24,115 பெண்களிடம், 1,01,839 ஆண்களிடம். ஏழு பேருக்கு ஒருத்தன்.

'ஆண்கள் பகலில் கிடைப்பதில்லை' என்பார்கள். சேரியில் பகலில் பெண் மட்டும் கிடைப்பாளா? நடவு, களை, சித்தாள் வேலை என்று விடியக் கிளம்பிப் பொழுது சாய்ந்து வருகிறவள் அவள். அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் அவளை உட்காரவைத்துக் கேட்க முடியுமென்றால், திண்ணையில் இருக்கிறவனையும் கேட்கலாம். கேள்வித்தாளும் ஒரு பிரதிதான். அதன் மௌனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது பெண்ணின் வயிறு. 2019-21 கணக்கில், மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆணுக்கான அறுவைதான் எளிது, ஆபத்தும் குறைவு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். கருத்தடை பெண்கள் விஷயம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்றை 35 விழுக்காடு ஆண்கள் ஒப்புக்கொண்டதும் அந்த ஆய்வில்தான் பதிவாகியிருக்கிறது. ஆணைக் கேட்டதால் தெரிந்த உண்மை இது.

அதற்காக, ஆண்களைச் சேர்த்தால் போதும் என்று கைதட்டிவிட முடியாது. அரசு ஆண்களைச் சேர்த்த காலம் ஒன்று உண்டு. நெருக்கடி நிலையின்போது 1976-77 ஓராண்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள், பெரும்பகுதி ஆண்களுக்கு. ஏழைகளையும் தலித்துகளையும் முஸ்லிம்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதிகாரிக்கு அவன் இலக்கு எண்ணில் ஒன்று. அவன் ஒரு தகப்பன் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆட்சி மாறியதும் கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது.

தகப்பன் என்பவன் யார்? மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போனவனுக்கு? சாக்கடையில் இறங்குகிறவனுக்கு? பிள்ளை பிறந்தபோது எங்கே இருந்தாய் என்று அவனைக் கேட்கப் போகிறவர், 'குடிகாரன், பொறுப்பில்லாதவன்' என்ற பதிலை மனதில் எழுதிக்கொண்டே போகிறார். 'கடன் அடையலே சார், மேஸ்திரி விடலே' என்று அவன் சொன்னால் எந்தக் கட்டத்தில் குறிப்பார்?

நம்மாட்களையும் விடக்கூடாது. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவரச் செய்தவர் அம்பேத்கர். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, 'அதெல்லாம் அவ பாத்துக்குவா' என்று சொல்லுகிறவர்கள் நம் இயக்கங்களில் இல்லையா?

அடுத்துக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், அதில் நம் மாணவர்களும் இருப்பார்கள், ஊரிலும் சேரியிலும் ஆண்களிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். நீ என்ன செய்தாய்? உன்னை என்ன செய்ய விடவில்லை? முதல் கேள்வியை மட்டும் கேட்டால் சாதியும் கூலியும் தப்பித்துக்கொள்ளும். இரண்டாவதை மட்டும் கேட்டால் அவள் மறுபடியும் தனியாகத்தான் பெற்று வளர்ப்பாள்.