குந்தி எழ ஒரு மதிப்பெண்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வந்ததும் பலர் குந்தி உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ளவருக்கு அந்தக் குந்தலே பெரும்பாடு. மூட்டுக்குள் அடிக்கடி ரத்தம் கசிந்து முட்டி இறுகிவிடும்.

இவர்கள் அன்றாட வேலைகளைத் தாமே எவ்வளவு செய்துகொள்கிறார்கள் என்று அளக்க வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் உருவான 'ஃபிஷ்' அளவுகோல் அதனால்தான் எனக்குப் பிடிக்கும். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்தெழுவது, குந்துவது, நடப்பது, படியேறுவது, ஓடுவது என எட்டு வேலைகள். தலா அதிகபட்சம் 4 மதிப்பெண், மொத்தம் 32. குந்துவதைச் சேர்த்தவர்களுக்கு நம் ஊர்க் கழிப்பறை தெரிந்திருக்கிறது!

இந்த மதிப்பெண்ணை உயர்த்த உதவும் இயன்முறை மருத்துவரின் சிகிச்சையில் அவசரமே இல்லை. ரத்தம் கசியும்போது ஐஸ், ஓய்வு. கசிவு நின்றபின் முட்டியை மடக்காமல் தொடைத்தசையை இறுக்கி, மெல்லத் தளர்த்தச் சொல்வார். வலித்தால் அங்கேயே நிறுத்தம். தொடை வலுத்தபின்தான் படிக்கட்டுப் பயிற்சி, அதுவும் கைப்பிடியோடு.