எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

"இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்பதும், யாரும் கேட்காமலே அதைச் சொல்வதும் இன்றைய வாசகர்களிடையே பரவலான பழக்கம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு புத்தக அட்டை, முகநூலில் பாதி படித்த நாவலைப் பற்றி இரண்டு வரி, இன்ஸ்டாகிராமில் மேசைமேல் விரித்துவைத்த பக்கம் என்று அது பல வடிவங்களில் வருகிறது. 2007இல் தொடங்கப்பட்ட குட்ரீட்ஸ் தளம், படித்து முடித்தவற்றுக்கும் இனிப் படிக்க நினைப்பவற்றுக்கும் நடுவே, படித்துக்கொண்டிருப்பவற்றுக்கென்று தனி அடுக்கே வைத்தது. 2013இல் அமேசான் அந்தத் தளத்தை வாங்கிக்கொண்டது. ஒருவர் கையில் இன்று எந்தப் புத்தகம் இருக்கிறது என்பது விற்பவருக்கு எவ்வளவு பயனுள்ள தகவல் என்பதற்கு அதுவே சான்று. இந்தப் பழக்கத்தை வெறும் பகட்டு என்று தள்ளுவோர் உண்டு. வாசிப்பை வளர்க்கும் வழி என்று போற்றுவோரும் உண்டு. இரு தரப்பாரும் அட்டையைப் பற்றியே வாதாடுகிறார்கள் என்பது என் எண்ணம். புத்தகத்தின் பெயரைச் சொல்வதால் வரும் பயன் சிறிது. அதற்குள் எங்கே நிற்கிறோம், எது நம்மை நிறுத்தியது என்று சொல்வதால் வரும் பயன் பெரிது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது.

இந்த மண்ணுக்கு இது புதுப் பழக்கமும் அன்று. சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் தர்மராஜா கோயில் என்றும் திரௌபதி அம்மன் கோயில் என்றும் சொல்லப்படும் கோயில்களில் பாரத விழா நாள்கணக்கில் நடக்கிறது. பகலில் ஹரிகதை, இரவில் தெருக்கூத்து அல்லது வீதி நாடகம். பகாசுரனுக்கு வண்டியில் சோறு போகும் நாள், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாள், துரியோதனன் மண்ணுருவாகக் களத்தில் கிடக்கும் நாள் என்று கதை இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். தபசு நாளில் அர்ச்சுனன் வேடமிட்டவர் உயர்ந்த மரத்தின் ஒவ்வொரு படியிலும் நின்று பாடியபடி ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். ஒரு காப்பியத்தின் ஒரு கட்டம், அன்றைய ஒரு நாளைக்கு, அங்குள்ள அத்தனை பேரின் கவலையாகவும் ஆகிவிடுகிறது. சூதாட்டத்தில் தருமன் செய்தது சரியா என்ற வழக்கு டீக்கடையில் நடக்கிறது. அதில் பேச ஒருவருக்கு எழுத்தறிவுகூடத் தேவையில்லை. மார்கழி பிறந்தால் திருமலையில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிப்பதும், தெலுங்கு பேசும் வைணவ வீடுகளில் நாளுக்கொரு பாசுரமாக அது ஓதப்படுவதும் இதே வகைதான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். வாசிப்பைப் பகிர்வதன் முழு வலிமையும் இதில் இருக்கிறது.

ஆனால் இதன் குறையும் அங்கேயே இருக்கிறது. அந்த நூலை வாசகர் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர் தேர்ந்தெடுத்தது, ஊருக்கும் முன்னே மரபு தேர்ந்தெடுத்தது. நடுவில் மூடிவைக்கவோ, இது எனக்கு ஒவ்வவில்லை என்று வேறொன்றை எடுக்கவோ அங்கே வழியில்லை. அச்சுப் புத்தகம் தனிமனிதருக்குத் தந்த பெரிய விடுதலை அந்தத் தேர்வுதான். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத புத்தகத்தை, வீட்டார் விரும்பாத புத்தகத்தை, தன் சாதிக்கும் சமயத்துக்கும் எதிரான கேள்விகள் கொண்ட புத்தகத்தை ஒருவர் யாருக்கும் சொல்லாமல் படிக்கலாம். இப்போதைய பகிர்தல் அந்த விடுதலையை வைத்துக்கொண்டே பழைய கூட்டுணர்வையும் பெற முயல்கிறது. முயற்சி நியாயமானதுதான். நடப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் கைகூடுவதில்லை. அட்டைப்படம் மட்டும் போடுகிறவரோடு பேச மற்றவரிடம் ஒன்றுமில்லை. வாழ்த்தலாம், விலை கேட்கலாம், அவ்வளவுதான். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்து எண்ணத் தொடங்கியதும் தடித்த நூல்கள் பாரமாகின்றன. மெல்லப் படிக்கவேண்டிய நூல்கள் பின்னுக்குப் போகின்றன. பாதியில் விட்டதைச் சொல்ல வெட்கம் வருகிறது. பாதியில் ஏன் விட்டோம் என்பதோ நல்ல வாசகர் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்திகளில் ஒன்று.

எல்லைப்புற வட்டாரத்தில் இந்தக் கேள்வி வேறு கனம் பெறுகிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது, 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று, பின்னர் ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவாகத் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நிலத்தைப் பிரித்த கோடு பேச்சைப் பிரிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பிரித்தது. நகரியிலும் புத்தூரிலும் குப்பத்திலும் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு தெலுங்கில் எழுதப் படிக்கக் கற்றவர்கள் இருக்கிறார்கள். திருத்தணிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு தமிழில் படித்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் தடையில்லாமல் பேசலாம்; ஒருவர் கையிலுள்ள புத்தகத்தை மற்றவர் வாங்கிப் படிக்க முடியாது. இரவல் கொடுத்துப் பயனில்லாத இடத்தில், படித்ததைச் சொல்வது மட்டுமே மிஞ்சுகிறது. பெருநகரத்து வாசகருக்கு வாசிப்பைப் பகிர்வது ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். இங்கே புத்தகம் ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்குக் கடக்க முதல் பாலமே அதுதான்.

டாக்டர் கேசவரெட்டியின் நாவலை எடுத்துக்கொள்வோம். சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, தொழுநோய் மருத்துவராகத் தெலங்கானாவில் பணியாற்றிய அவர், தம் சொந்த மண்ணையே எழுதினார். பன்றி மேய்க்கும் ஒரு கிழவன், காணாமல் போன சினைப்பன்றியைத் தேடிக் காட்டுக்குள் போய் ஓர் இரவு முழுவதும் போராடும் கதை, 'அவன் காட்டை வென்றான்' என்று தமிழில் வந்திருக்கிறது. அந்தக் காடும் அந்தத் தொழிலும் நகரித் தமிழருக்கு அயலானவை அல்ல. இருந்தும், தெலுங்கில் அதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் நாவலின் பெயரை மட்டும் சொன்னால் தமிழில் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. "கிழவன் இப்போது ஈன்ற பன்றிக்குக் காவலாக இருக்கிறான், காட்டில் அவனைத் தவிர ஆளில்லை, இன்னும் விடியவில்லை" என்று சொன்னால், கேட்டவர் தமிழ்ப் புத்தகத்தைத் தேடிப் போவார். திருப்பதியை ஒட்டிய ஊர்களின் பேச்சிலேயே எழுதிய நாமினியின் கதைகள் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அந்தப் பேச்சில் தமிழ் கலந்திருப்பதால், ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் தெலுங்கு எழுத்து தெரியாத தமிழர் காதுக்குப் பாதியாவது எட்டும். அதை எந்த அட்டைப்படமும் செய்யாது. எதிர்த்திசையிலும் இதே கதைதான். கி.ராஜநாராயணனின் கரிசல் மக்களில் ஒரு பகுதியினர் தெலுங்கு பேசிய முன்னோர்களைக் கொண்டவர்கள். 'கோபல்ல கிராமம்' படிக்கும் திருத்தணி வாசகர் அதில் தாம் நிற்கும் இடத்தைச் சித்தூர் நண்பரிடம் சொன்னால், கேட்பவருக்கு அது தம் உறவினர் கதைபோல இருக்கும்.

வாசிப்பு அந்தரங்கமானது, அதைக் கடைவிரிக்கக் கூடாது என்பது வலுவான மறுப்பு. சிறிய ஊரில் ஒருவர் பெரியாரையோ அம்பேத்கரையோ படிக்கிறார் என்று தெரிவது அவருக்குத் தொல்லை தரலாம். வேலை தேடும் பெண் ஒரு நாவலோடு காணப்பட்டால் தேர்வுக்குப் படிக்கவில்லை என்ற பேச்சு வீட்டில் எழலாம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எந்த வாசகரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெயரைச் சொல்லாமலே வாசிப்பைப் பகிரலாம் என்பதை நம் நூலகங்கள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. கிளை நூலகப் புத்தகத்தைத் திறந்தால் உள்ளட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் ஊதா மையில் முத்திரைகள் வரிசையாக இருக்கும். இந்த மழைக்காலத்தில் அடுத்தடுத்து மூன்று பேர் எடுத்திருக்கிறார்கள் என்றோ, பத்தாண்டாக யாரும் தொடவில்லை என்றோ ஒரு பார்வையில் தெரியும். யார் எடுத்தார் என்பது தெரியாது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று 1931இல் விதி வகுத்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனின் நோக்கத்துக்கு அந்தச் சிறு சீட்டு சத்தமில்லாமல் உதவிற்று. கணினிக்கு மாறும் நூலகங்களில் அந்தத் தடயம் வாசகர் கண்ணிலிருந்து மறைந்து, அலுவலகத் திரைக்குள் போய்விடுகிறது. அது இழப்பு என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மறுப்பு, பாதி படித்துவிட்டுப் பேசுவது முதிராத பேச்சு என்பது. விமரிசகர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒவ்வொரு நூலாக எடுத்துச் சொன்னபோது, முழுக்கப் படித்து, எடைபோட்டுச் சொன்னார். அவருடைய பட்டியல்களுக்குத் தமிழில் கிடைத்த மதிப்பும் அவற்றின்மேல் எழுந்த சண்டையும் தெரிந்தவையே. விமரிசகருக்கு அந்த முழுமை கட்டாயம் வேண்டும். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு மற்ற வாசகருக்கு ஏற்பதும் மறுப்பதும்தான் மிஞ்சுகிறது. நடுவில் சேர்ந்துகொள்ள இடமில்லை. நாவலின் பாதியில் குழம்பி நிற்பவர் தம் குழப்பத்தைச் சொல்லும்போது, கேட்பவரும் தம் ஊகத்தைச் சொல்லலாம். விமரிசனத்தின் வேலையை இது செய்யாது, செய்வதாகச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. விமரிசனத்தைப் படிக்கப் பொறுமையுள்ள வாசகரை உண்டாக்குவதே இதன் வேலை.

இப்படிப் பேச ஏற்ற இடம் பொது நூலகம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் அன்று சித்தூருக்கும் சேர்த்தே வந்தது. 1960இல் ஆந்திரம் தனக்கென்று நூலகச் சட்டம் இயற்றிக்கொண்டது. இன்று மாவட்ட நூலக அமைப்பான ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தாவின் வாசிப்புக் கூடங்களில் நாளிதழ் பார்ப்போரும் குரூப்-2 தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் நிறைந்திருக்கிறார்கள். கதை, கட்டுரை அலமாரிப் பக்கம் கூட்டம் குறைவு. வாசிப்பைப் பகிர அங்கே ஒரு தடித்த நோட்டு போதும். படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், பக்க எண், அந்தப் பக்கம் பற்றி மூன்று வரி. எழுதுபவர் பெயர் வேண்டாம். தமிழிலும் எழுதலாம், தெலுங்கிலும் எழுதலாம். இரண்டு எழுத்தும் தெரிந்தவர் மாதத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்து, ஒரு மொழியில் இருப்பதை மறு மொழியில் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அதற்கு ஆள் தேடி வெளியே போகவேண்டியதில்லை. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும், 1997இல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகத்திலும் இரு மொழி மாணவர்களும் இருக்கிறார்கள். ஆய்வேட்டுக்கு வெளியே அவர்களுக்கு இப்படியொரு வேலையை யாராவது கொடுக்க வேண்டும்.