பொய்த்த ஆரூடமும் பொய்க்காத நம்பிக்கையும்

பெஸ்ரிங்கர், றீக்கன், ஷக்ரர் ஆகிய மூவரும் எழுதி 1956 இல் வெளியிட்ட 'தீர்க்கதரிசனம் பொய்க்கும்போது' சமூக உளவியலிற் பெரிதும் போற்றப்படும் நூலாகும். 1954 டிசெம்பர் 21 ஆந் திகதி பெருவெள்ளம் வருமெனவும், பறக்குந் தட்டொன்று தம்மை மீட்குமெனவும் சிக்காகோவை அடுத்திருந்த சிறு குழுவினர் நம்பினர். வெள்ளம் வரவில்லை, தட்டும் வரவில்லை. ஆயினும் அவர்கள் முன்னரிலும் ஊக்கமாகப் பிரசாரஞ் செய்தனர் என்பதே நூலின் முடிபு. நம்பிக்கைக்காகத் தொழிலைத் துறந்தவன் அதனை எளிதிற் கைவிடான் என்பது ஏற்கத்தக்கதே.

எம்மை மேலுஞ் சிந்திக்கவைப்பது வேறொரு செய்தி. நத்தார் விடுமுறையில் வீடு சென்று தனித்திருந்த மாணவர் பலரின் நம்பிக்கை தளர்ந்தது. கூடியிருந்தோரே உறுதி பெற்றனர். அவ்வாறாயின் கூடியிருந்தோர் யாவர்? ஆய்வாளர் அனுப்பிய அவதானிகளும் தம்மை மறைத்து அங்கே அமர்ந்திருந்தனர். குழுவினுள் நுழைவதற்காக ஒருவர் அதிசய அனுபவமொன்றையும், மற்றொருவர் வெள்ளக் கனவொன்றையும் புனைந்துரைத்தனர். குழுவினரோ அவற்றைத் தம் நம்பிக்கைக்குச் சான்றாகக் கொண்டு மகிழ்ந்தனர். ஆய்ந்த நெருப்புக்கு ஆய்வாளரே விறகிட்டனர் எனலாம்.

இதனை நூலின் பின்னிணைப்பே ஒப்புக்கொள்கிறது. முடிபு மட்டும் அசையவில்லை. கருதுகோளை முன்னரே வகுத்துக்கொண்டு சென்றோர் அவர்கள் என்பதும் மறக்கற்பாலதன்று. 2025 இல் வெளியான ஆவண ஆய்வொன்று, குழுவினர் விரைவிலேயே தம் நம்பிக்கையைக் கைவிட்டனர் என வாதிடுகிறது.

பரீட்சைக்கென நாம் மனனஞ் செய்த குறிப்புகளில் நூலின் முடிபு இருந்தது, பின்னிணைப்பு இருக்கவில்லை.