இணையவழிப் பாடமும் மாணவர் ஈடுபாடும்: ஒரு திறனாய்வு

இணையவழிப் பாடங்களில் மாணவரை நிலைத்திருக்கச் செய்வது எது? இவ்வினாவுக்கு விடையாக, 2014இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. எட்எக்ஸ் தளத்தின் 4 பாடங்களுக்குரிய 862 காணொளிகளை மாணவர் பார்வையிட்ட 69 இலட்சம் அமர்வுகளை அவர்கள் ஆராய்ந்தனர். காணொளி எவ்வளவு நீண்டிருப்பினும் மாணவர் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்றும், ஆசிரியரின் முகம் இடையிடையே தோன்றும் பாடம் வெறும் படவில்லைகளைவிட ஈர்க்கிறது என்றும், வகுப்பறைச் சொற்பொழிவைப் பதிவுசெய்து துண்டுகளாக்கித் தருவது அத்துணைப் பயன் தருவதில்லை என்றும் கண்டனர்.

இவ்வாய்வின் பயனை நாம் மறுக்கவில்லை. ஒரு மணி நேரச் சொற்பொழிவை அப்படியே திரையில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்ததென அமைந்துவிடும் ஆசிரியருக்கு இது தக்க கண்டனமாகும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் நம்மில் பலர் செய்ததும் அதுவே.

ஆயினும் அவர்கள் கையாண்ட அளவுகோல்கள் இரண்டே: பார்த்த நேரமும், தொடர்ந்துவரும் பயிற்சி வினாவுக்கு விடையளிக்க முயன்றனரா என்பதும். நேரில் கண்டும் கேட்டுமன்றி உண்மையான ஈடுபாட்டை அளக்கவியலாது என்பதை ஆய்வாளரே ஒப்புக்கொள்கின்றனர். இவ்வெச்சரிக்கையை மறந்து, 6 நிமிடத்தைச் சட்டமாக்கிக்கொள்வோரிடமே நாம் மாறுபடுகிறோம். இடையில் நிறுத்திய மாணவர் சலிப்பினால் நிறுத்தினாரா, சிந்திப்பதற்காக நிறுத்தினாரா என்பதை அவ்வெண் உணர்த்தாது.

2019இல் ஜஸ்டின் ரைக்கும் அவர்தம் உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரை வேறொரு செய்தியைத் தருகிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் வழியே நடத்திய பாடங்களில், 2017-18இல் பங்கேற்றோருள் முடித்தவர் 3.13 விழுக்காட்டினர் மட்டுமே. சான்றிதழுக்கெனப் பணம் செலுத்தியோருள் முடித்தவரோ 46 விழுக்காட்டினர். இரு சாராருக்கும் பாடம் ஒன்றே, காணொளிகளும் அவையே. எனவே இவ்வேறுபாட்டுக்குக் காரணத்தைக் காணொளியின் நீளத்தில் தேடுவது வீண். நோக்கத்தோடு வந்தவர் நிலைத்தனர் என்பதே பொருந்தும். ஆனால் அவ்வாறு வந்தவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலே நின்றுவிட்டனர் என்பது நம் உள்ளத்தை உறுத்துகிறது. நோக்கமும் தனித்து நின்று தாங்காது போலும்.

இங்கே இறையியற் கல்வியின் வரலாறு நமக்கு உதவுகிறது. 1963இல் குவாத்தமாலா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் இறையியற் கல்லூரி, தொழிலையும் குடும்பத்தையும் விட்டுவர இயலாத சபைத் தலைவர்களிடம் கல்வியைக் கொண்டுசெல்லத் தொடங்கியது. மாணவர் வீட்டில் பயின்றனர். வாரந்தோறும் அருகிலுள்ள மையத்தில் ஆசிரியரோடு கூடினர். தொலைவிலிருந்து கற்ற அவர்கள் தனிமையில் விடப்படவில்லை. கற்றதை வினவவும் ஐயத்தைக் கேட்கவும் ஒருவர் வருவார் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது.

காணொளியைச் சுருக்குவது எளிது. மாணவரை அறிந்துகொள்வது கடினம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்துவிட்டதாக நாம் எண்ணிவிடலாகாது. இணையவழிப் பாடம் நடத்த முற்படும் ஒவ்வொரு கல்லூரியும் முதலில் ஒன்றைத் தீர்மானித்தல் வேண்டும்: மூன்று வாரமாக விடைத்தாள் அனுப்பாத மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து விசாரிக்கும் பொறுப்பு யாருடையது? இதற்கு விடையின்றித் தொடங்கும் பாடம், எத்துணைச் சிறப்பாகப் பதிவுசெய்யப்பட்டிருப்பினும், நிலைக்காது என்பதே நமது கருத்து.