டாஸ்பாக்ஸ்: யாரும் படிக்காத கையேடு

1980, 90-களின் டாஸ் இயங்குதள விளையாட்டுகளை இன்றைய விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் ஓடவைக்கும் இலவச எமுலேட்டர் டாஸ்பாக்ஸ். பழைய பிசியின் செயலி, விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை என்று எல்லாவற்றையும் மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வேன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் இருவரும் தொடங்கிய இதன் முதல் வெளியீடு 2002-இல் வந்தது. 2010-இல் வெளியான 0.74 பதிப்பு சில்லறைத் திருத்தங்களோடு 2019-இல் 0.74-3 ஆனது. விளையாட்டுகளை எவ்வளவு நம்பகமாக ஓட்டுகிறது என்பதில் பெரிய குறை சொல்ல இடமில்லை. அதைத் தொடங்கத் தெரியாமல் முதல் சில நிமிடங்களிலேயே மூடிவிடுபவர்கள்தான் பிரச்சினை. அவர்களுக்கு வேண்டிய பதில்கள் அனைத்தும் கூடவே வரும் கையேட்டில் இருக்கின்றன. கையேடு அவர்கள் கண்ணில் படுகிறதா, பட்டால் படிக்கும்படி இருக்கிறதா என்ற கோணத்தில் டாஸ்பாக்ஸை எடைபோடுகிறது இந்த விமர்சனம்.

விண்டோஸில் நிறுவி ஐகானைத் திறந்தால் இரண்டு சாளரங்கள் வருகின்றன. ஒன்றில் பதிவுச் செய்திகள் ஓடுகின்றன. மற்றது கறுப்புத் திரை. அதன் மேற்பகுதியில் ஒரு நீலப் பெட்டி. புதியவர்கள் 'இன்ட்ரோ' என்று தட்டலாம், கட்டளைகளின் பட்டியலுக்கு 'ஹெல்ப்', வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் கன்ட்ரோலுடன் எஃப்11, எஃப்12, மேற்கொண்டு அறிய ரீட்மீ கோப்பு என்று அந்தப் பெட்டி சொல்லிவிடுகிறது. அதன் கீழே இசட் டிரைவின் பிராம்ப்ட்டும் சிமிட்டும் கர்சரும். மெனு கிடையாது, பொத்தானும் கிடையாது. வழிகாட்டி முதல் திரையிலேயே நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விளையாட வந்தவரின் கண் பெட்டிக்குப் போவதில்லை, கர்சருக்குத்தான் போகிறது. கை உடனே விளையாட்டின் பெயரைத் தட்டுகிறது.

இந்த நடத்தையைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐபிஎம் ஆய்வாளர்கள் ஜான் கேரலும் மேரி பெத் ராசனும் 1987-இல் இதை விளக்கி எழுதினார்கள். முனைப்பான பயனரின் முரண் என்று அதற்குப் பெயர். அதில் இரண்டு முரண்கள் அடக்கம். வேலையை முடிக்கும் அவசரத்தில் இருப்பவர், படித்தால் வேலை சுலபமாகும் என்று தெரிந்தும் படிக்க நிற்பதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை வைத்தே புதியதைப் புரிந்துகொள்ளப் பார்ப்பார், அந்தப் பழைய அறிவே அவரைத் தவறான வழியில் இட்டுச் செல்லும். எமுலேட்டருக்கு வருபவரிடம் இரண்டாவது முரண்தான் அதிகம் விளையாடுகிறது. விண்டோஸில் எந்த நிரலையும் இரட்டைச் சொடுக்கில் திறந்து பழகியவருக்குத் தன் கணினியின் சி டிரைவ் டாஸ்பாக்ஸுக்குள் இருக்காது என்று தோன்றவே தோன்றாது. டாஸ்பாக்ஸோ எந்த டிரைவையும் தானாகத் தொடுவதில்லை. உண்மையான கணினியில் இருக்கும் ஒரு கோப்புறையைக் காட்டி, இதுதான் உன் சி டிரைவ் என்று மவுண்ட் கட்டளையால் சொல்ல வேண்டும். தவறான நிரல் ஒன்று வன்தட்டு முழுவதையும் துவம்சம் செய்யாமல் காக்கும் ஏற்பாடு இது. விண்டோஸில் சி டிரைவ் முழுவதையும் அப்படியே மவுண்ட் செய்ய முயன்றால் அது உசிதமில்லை, அடுத்த முறை ஒரு கோப்புறையைக் கொடு என்று டாஸ்பாக்ஸ் எச்சரிக்கும்.

புதியவர் இடறி விழும் இடங்களில் நிரல் என்ன பேசுகிறது என்பதில்தான் கையேட்டின் வெற்றி தோல்வி தீர்மானமாகிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டைத் தொடங்க இசட் பிராம்ப்ட்டில் 'பிரின்ஸ்' என்று தட்டினால், இது செல்லாத கட்டளை என்று ஒற்றை வரியில் பதில் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதே இடத்தில் சி டிரைவுக்கு மாற முயன்றால் பதில் வேறு மாதிரி வருகிறது: சி டிரைவ் இல்லை, முதலில் மவுண்ட் செய்ய வேண்டும், விவரத்துக்கு 'இன்ட்ரோ' அல்லது 'இன்ட்ரோ மவுண்ட்' என்று தட்டவும். தட்ட வேண்டிய சொற்கள் வண்ணத்தில் தெரிகின்றன. டாஸ்பாக்ஸின் ஆவணங்கள் அத்தனையிலும் தரமானது இந்தச் செய்திதான். சிக்கிய கணத்திலேயே, சிக்கிய இடத்திலேயே, காரணத்தையும் அடுத்த அடியையும் சொல்லிவிடுகிறது. ஆனால் சி டிரைவுக்கு மாறிப் பார்ப்பவர் டாஸ் ஏற்கெனவே கொஞ்சம் அறிந்தவர். டாஸே அறியாதவர் விளையாட்டின் பெயரைத்தான் தட்டுவார், அவருக்குக் கிடைப்பது அந்த வறண்ட ஒற்றை வரி. எந்த டிரைவும் மவுண்ட் ஆகாத நிலையில் செல்லாத கட்டளை வந்தால் மவுண்ட் பற்றியும் ஒரு வரி சேர்த்துக் காட்டியிருக்கலாம். இத்தனை ஆண்டுகளில் அந்த ஒரு வரி சேரவில்லை.

மவுஸ் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். விளையாட்டுத் திரைக்குள் ஒருமுறை சொடுக்கினால் மவுஸ் அதற்குள் சிறைப்படுகிறது. விடுவிக்க கன்ட்ரோல்-எஃப்10 அழுத்த வேண்டும். இது தெரியாதவர் கணினி உறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவார். அந்த விசை ரீட்மீயில் இருக்கிறது, 'இன்ட்ரோ ஸ்பெஷல்' பக்கத்திலும் இருக்கிறது. மவுஸ் சிக்கியிருக்கும்போது கண்ணெதிரே தெரியும் ஒரே இடமான தலைப்புப் பட்டையில் மட்டும் இல்லை. அங்கே செயலிச் சுழற்சிகளின் எண்ணிக்கையும் தவிர்க்கப்படும் படச்சட்டங்களின் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிரலை எழுதியவர்களுக்குப் பயன்படும் தகவல்தான், சந்தேகமில்லை.

'இன்ட்ரோ' கட்டளை டாஸ்பாக்ஸின் நல்ல யோசனை. கையேட்டின் சாரத்தை நிரலுக்குள்ளேயே, டாஸ் திரையிலேயே, சில பக்கங்களில் காட்டுகிறது. மவுண்ட் என்றால் என்ன என்பதற்குக் கட்டம் கட்டிய எடுத்துக்காட்டு ஒன்றும் தருகிறது. சிடி-ராமுக்குத் தனிப் பக்கம், சிறப்பு விசைகளுக்குத் தனிப் பக்கம் உண்டு. படித்து முடித்தால் விளையாட்டைத் தொடங்கிவிடலாம் என்ற அளவுக்குப் போதுமானது. குறை என்னவென்றால், படித்ததை அங்கேயே செய்து பார்க்க வழியில்லை. முழு 'இன்ட்ரோ'வில் மவுண்ட் பக்கம் மறைந்த பிறகே பிராம்ப்ட் வரும். சற்றுமுன் பார்த்த கட்டளையை நினைவிலிருந்து தட்ட வேண்டும். தன் கோப்புறையின் முகவரியை எடுத்துக்காட்டில் எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் மீண்டும் இடறுகிறார்கள். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும் என்பது இன்னொரு கண்ணி.

முழுக் கையேடான ரீட்மீ ஒரு சாதாரண உரைக்கோப்பு. விண்டோஸில் நோட்பேடில் திறக்கும். படமில்லை, இணைப்பில்லை. உள்ளடக்கத்தில் இதை மிஞ்சும் எமுலேட்டர் கையேடுகள் குறைவு என்று துணிந்து சொல்லலாம். வேகமான கணினியில்கூட டாஸ்பாக்ஸ் ஏறத்தாழ ஒரு முதல் தலைமுறை பென்டியமாகத்தான் நடக்கும் என்று தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. செயலி வேகத்துக்கான 'சைக்கிள்ஸ்' அமைப்பை 'ஆட்டோ' என்று விட்டால் பழைய, எளிய ரியல் மோட் விளையாட்டுகளுக்கு 3000 சுழற்சிகளும், பிற்காலத்துக் கனமான புரொடெக்டட் மோட் விளையாட்டுகளுக்குக் கணினி தாங்கும் உச்சமும் கிடைக்கும் என்பதை விளக்குகிறது. விளையாட்டு ஆமையாக நகர்கிறது அல்லது குதிரையாகப் பாய்கிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு பத்தி போதும். ஒவ்வொரு முறையும் மவுண்ட் கட்டளையைத் தட்ட வேண்டியதில்லை, அமைப்புக் கோப்பின் ஆட்டோஎக்ஸெக் பகுதியில் ஒருமுறை எழுதிவைத்தால் போதும் என்பதும் கேள்வி-பதில் பகுதியில் இருக்கிறது.

விளையாட்டின் நிரல் கோப்பை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகானின் மேல் போட்டால், அந்தக் கோப்புறை தானாகவே சி டிரைவாகி விளையாட்டும் தொடங்கிவிடும் என்பதும் இந்த ரீட்மீயில்தான் உள்ளது. மவுண்ட் என்ற தலைவலியே இல்லாமல் செய்யும் வசதி இது. அது தேவைப்படுகிறவர் கையேட்டைத் திறக்காதவர், கையேட்டைத் திறந்தவருக்கு அதற்குள் மவுண்ட் பழகிவிடும். முதல் திரையின் நீலப் பெட்டியில் சேர்க்க வேண்டிய வரி ஒன்று உண்டென்றால் அது இதுதான். எழுதியவர்களுக்கும் தங்கள் வாசகர்களைப் பற்றித் தெரியாமல் இல்லை. கேள்வி-பதில் பகுதியின் முடிவில், ரீட்மீ அருமை, ஆனாலும் புரியவில்லையே என்று ஒரு கேள்வியைத் தாங்களே எழுதிவைத்து, படங்களோடு கூடிய தொடக்க வழிகாட்டி ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

கையேட்டைக் கட்டாயமாகத் திறக்க வைத்த காலமும் இருந்தது. டாஸ் விளையாட்டுகளின் காலமேதான் அது. ஜோர்டான் மெக்னர் உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் டாஸ் பதிப்பு 1990-இல் வந்தது. முதல் நிலை முடிந்ததும் எழுத்துகளுக்கு நடுவே குடுவைகள் வைத்த ஓர் அறை வரும். அச்சுக் கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட சொல்லின் முதலெழுத்துக்கு உரிய குடுவையைக் குடித்தால்தான் மேலே போக முடியும். அதே ஆண்டு வந்த தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட், கடற்கொள்ளையர் முகங்கள் அச்சிட்ட அட்டைச் சக்கரத்தைச் சுழற்றிப் பதில் கேட்டது. திருட்டு நகலைத் தடுக்க வந்த ஏற்பாடுகள் இவை. கையேட்டைத் திறக்க வைத்தனவே தவிர, படிக்க வைத்தன என்று சொல்வதற்கில்லை. ஒரு சொல்லின் முதலெழுத்தைத் தேடுகிறவர் அந்தப் பக்கத்தில் வேறெதையும் பார்ப்பதில்லை. இலவச எமுலேட்டருக்கு அந்தக் கட்டாயமும் சாத்தியமில்லை. கதவை மூடினால் வந்தவர் வேறு எமுலேட்டருக்குப் போய்விடுவார்.

டாஸ்பாக்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகுகிறது. அதன் தொடக்க வழிகாட்டி, எமுலேட்டரின் அம்சங்களை அகரவரிசையில் அடுக்குவதில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஓடவைப்பதில் ஆரம்பிக்கிறது. கோப்புறை எப்படி அமைப்பது, மவுண்ட் எதற்கு, திரையின் நீள அகலம் ஏன் இப்படி, ஒலியை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அந்த ஒரு விளையாட்டைச் சீர்படுத்தும் போக்கிலேயே வந்து சேர்கின்றன. அடுத்து, உரிமையாளர்களே இலவசமாகக் கொடுத்துவிட்ட பினீத் எ ஸ்டீல் ஸ்கையை வைத்துச் சிடி விளையாட்டுகளைக் கற்பிக்கிறது. கேரல் தன் ஆய்வுகளிலிருந்து வகுத்த சிக்கனக் கையேட்டின் இலக்கணமும் ஏறத்தாழ இதுதான்: முன்னுரையைக் குறை, உண்மையான வேலையில் உடனே இறக்கு, தவறினால் மீள்வது எப்படி என்பதை அந்த இடத்திலேயே சொல். மவுஸைப் பிடிக்கவும் விடுவிக்கவும் எந்த விசை என்பதை ஸ்டேஜிங் தலைப்புப் பட்டையிலேயே காட்டுகிறது. புதியவருக்கு 0.74-3-ஐவிட இதையே பரிந்துரைக்கலாம். ஒரு குறை: வழிகாட்டி நீளமானது, அத்தியாயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுகின்றன, நடுவில் புகுந்தால் பிடி கிடைக்காது. தேடுபொறி வழியாக நேரே நான்காம் அத்தியாயத்தில் வந்து இறங்குபவர் அங்கேயே திரும்பிவிடக்கூடும்.

டாஸுக்கு வெளியேயும் இதே கதைதான். ஆர்கேட் விளையாட்டுகளுக்கான மேம் எமுலேட்டர் 1997-இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கியது. அதன் ஆவணங்களின் பலம் பொதுவான சிக்கல்கள் என்ற பகுதி. நாணயத்தைக் கடகடவென்று போட்டால் ஏன் பிழைத்திரை வருகிறது என்ற கேள்விக்கு அது தரும் பதில் சுவையானது: பிழை எமுலேட்டருடையது இல்லை, உண்மையான பெட்டியில் யாராலும் அவ்வளவு வேகமாக நாணயம் போட முடியாது, போட்டால் நாணயப் பொறி பழுதானதாக அந்த இயந்திரமே கருதும். பழைய ரோம் தொகுப்பு புதிய பதிப்பில் ஏன் ஓடவில்லை என்ற நிரந்தரக் கேள்விக்கும் அங்கே விடை உண்டு. ஆனால் நாணயம் போட 5-ஆம் எண் விசை, ஆட்டம் தொடங்க 1-ஆம் எண் விசை என்ற அடிப்படை தெரியாமலே விளம்பரத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை அந்த நல்ல பகுதி எட்டுவதில்லை.

பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி, டாஸ்பாக்ஸை அமைப்புக் கோப்போடு சேர்த்துக் கட்டியே தருகிறது. வாங்கியவர் இசட் பிராம்ப்ட்டைப் பார்ப்பதே இல்லை, கையேடும் வேண்டியதில்லை. விளையாட மட்டும் விரும்புபவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒலி திக்கினாலோ வேகம் பிசகினாலோ மட்டும் அவர் ஒன்றும் அறியாதவராக ரீட்மீயின் முதல் வரிக்கு வந்து நிற்பார்.

தமிழில் உதவி எழுத நினைப்பவருக்கு ஒரு தடை உண்டு. டாஸ்பாக்ஸின் செய்திகளையும் 'இன்ட்ரோ' பக்கங்களையும் மொழிக் கோப்பு வழியாக மாற்றலாம், ஐரோப்பிய மொழிகளில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் டாஸ் திரை 256 குறிகளுக்குள் இயங்குவது, கூட்டெழுத்து அதற்குத் தெரியாது. அதனால் தமிழ் வழிகாட்டி நிரலுக்கு வெளியே, தனிக் கோப்பாகத்தான் இருக்க முடியும். வீட்டிலோ பள்ளியிலோ பிறருக்காக டாஸ்பாக்ஸை அமைத்துக் கொடுப்பவர், ஆட்டோஎக்ஸெக் பகுதியில் மவுண்ட் கட்டளையை எழுதிவிட்டு, அதன் கீழே 'எக்கோ' கட்டளையால் இரண்டு வரிகளைத் திரையில் வரவைக்கலாம்: விளையாட்டைத் தொடங்க என்ன தட்ட வேண்டும், மவுஸை விடுவிக்க எதை அழுத்த வேண்டும். அவை பிராம்ப்ட்டுக்கு நேர் மேலே, கர்சரைப் பார்க்கும் கண்ணில் படும்படி நிற்கும். வன்தட்டில் அந்த விளையாட்டுகளுக்கென்று பெயரில் இடைவெளி இல்லாத தனிக் கோப்புறை ஒன்று இருந்தால் வேறு வேலை மிச்சமில்லை.