ஷரீஃபின் பாட்டும் அஸ்வத்தின் குரலும்

பெங்களூரில் நாட்டுப்பாடலைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கன்னடப் பாடகர் சி. அஸ்வத்திடம் வந்து நிற்கும். ஹாசன் மாவட்டம் சன்னராயப்பட்டணத்தில் 1939 டிசம்பர் 29 அன்று பிறந்தவர். 2009-இல் அதே தேதியில், எழுபது நிறைந்த அன்று, பெங்களூரில் மறைந்தார். பரம்பரைப் பாடகர் அல்லர். ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர்.

அவருக்கு முன்பே பி. காளிங்கராவும் மைசூர் அனந்தசுவாமியும் கன்னடக் கவிதைகளுக்கு மெட்டமைத்து, சுகம சங்கீதத்தை மேடையில் நிலைநிறுத்தியிருந்தார்கள். வரவேற்பறைக்கு இசைந்த மென்மை அதில் மிகுதி. அஸ்வத் தொண்டையைத் திறந்து உச்சத்தில் பாடினார். எதிர்க்கரையில் நிற்பவனைக் கூப்பிடும் குரல் அது. அந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டு சிசுநாள ஷரீஃபிடம் இருந்தது.

ஷரீஃப் (1819–1889) இன்றைய ஹாவேரி மாவட்டத்துக்காரர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கோவிந்தபட்டர் என்னும் பிராமணரைக் குருவாக ஏற்றவர். நம் குணங்குடி மஸ்தான் சாகிபை (1792–1838) அறிந்தவர்களுக்கு இவர் அந்நியமாகத் தெரியமாட்டார். வயல், வீடு, மழை என்று பேச்சுமொழியில் தொடங்கும் பாட்டு, சட்டென்று உடலையும் உயிரையும் பற்றியதாகிவிடும். வட கர்நாடகத்துப் பஜனைக் குழுக்களில் வாழ்ந்த இப்பாடல்களை அஸ்வத்தின் மெட்டுகள் கர்நாடகம் முழுதும் கொண்டுசென்றன. டி.எஸ். நாகாபரணா இயக்கிய ‘சந்த சிசுநாள ஷரீஃப’ (1990) படத்துக்கு இசையும் அவரே. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது பெற்ற படம் அது. 1997-இல் அவர் இசையமைத்த ‘நாகமண்டல’ படம் வந்தது. 2005-இல் அரண்மனை மைதானத்தில் அவர் நடத்திய ‘கன்னடவே சத்ய’ நிகழ்ச்சிக்குப் பெருங்கூட்டம் திரண்டது.

ருஷ்யாவின் லிடியா ருஸ்லானோவாவும் (1900–1973) இப்படித்தான் கிராமத்துப் பாட்டைப் பெருமேடைக்குக் கொண்டுவந்தார். 1945-இல் பெர்லின் வீழ்ந்தபோது ராய்க்ஸ்டாக் படிகளில் பாடினார். 1948-இல் கைதாகி, ஸ்டாலின் இறந்த பிறகு 1953-இல்தான் விடுதலையானார். அந்தப் பெருமையையும் அந்தத் தண்டனையையும் அரசே தந்தது. அஸ்வத்துக்கு அந்தச் சோதனை இல்லை. அவரை வளர்த்தது கேசட்டும் நகரத்து மேடையும்.

ஆனால் அந்த மேடைக்கு ஓர் அளவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. தென் கர்நாடகத்தில் நீலகாரர்கள் மண்டேசுவாமி காவியத்தைத் தம்பூரி மீட்டி இரவெல்லாம் பாடுகிறார்கள். சேலம், ஈரோட்டுப் பக்கத்துத் தமிழர்களும் படியேறும் மாதேஸ்வரன் மலையில், தேவர குட்டர்கள் வெண்கலக் கம்சாளையைத் தட்டி மாதேஸ்வரன் கதையைப் பாடுகிறார்கள். சில நிமிட மெட்டுக்குள் அந்தக் கதைகள் அடங்காது. கேட்பவர்கள் வழக்கமாக அஸ்வத்தோடு நின்றுவிடுகிறார்கள். இப்பாடகர்களின் பெயர்களோ நகரத்தில் பலருக்குத் தெரிவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த இடைவெளியை உணர்ந்து உழைத்தவர் எச்.எல். நாகேகவுடா (1915–2005). ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். 1979-இல் கர்நாடக ஜானபத பரிஷத்தைத் தொடங்கினார். பெங்களூர்–மைசூர் சாலையில் ராமநகரம் அருகே ‘ஜானபத லோக’த்தை எழுப்பினார். உழுகருவிகள், பொம்மைகள், வாத்தியங்களோடு பாடகர்களின் ஒலி, ஒளிப் பதிவுகளும் அங்கே சேர்க்கப்பட்டன. அஸ்வத்தின் ஷரீஃபைக் கேட்டுப் பழகியவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது நீலகாரர்களைத்தான். வாத்தியக் குழு இல்லாமல், நடுநடுவே வசனத்துக்குத் தாவி, ஊராரோடு பேசிக்கொண்டே நகரும் முழு இரவுப் பாட்டை.