பானுமதியின் திமிர்

பி. பானுமதியைப் பற்றி என் அப்பா தலைமுறையினரிடம் பேச்சுக்கொடுத்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே அந்தச் சொல் வந்துவிடும். "நல்லா நடிப்பாங்க, நல்லா பாடுவாங்க, ஆனா திமிர் ஜாஸ்தி." இதற்குச் சாட்சியாக எப்போதும் இரண்டு கதைகள் உண்டு.

முதலாவது, 1955-ல் எல்.வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸம்மா'. தெலுங்குப் பதிப்பில் பானுமதியை வைத்து நான்கு ரீல் அளவுக்குப் படமெடுத்துவிட்டார்கள். வரலட்சுமி விரதத்தன்று அவர் தாமதமாக வந்ததும், தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டதும், இவர் மறுத்துவிட்டு வெளியேறியதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது. இரண்டாவது, 1958-ல் எம்.ஜி.ஆர். இயக்கிய 'நாடோடி மன்னன்'. எம்.ஜி.ஆருடன் ஒத்துவராமல் பானுமதி விலகினார். படத்தில் மதனா பாதியில் செத்துப்போகிறாள். படம் கலருக்கு மாறும் பிற்பகுதியில் சரோஜாதேவி வருகிறார்.

இரண்டு கதைகளும் உண்மைதான். ஆனால் அவற்றைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். பானுமதி காலி செய்துவிட்டுப் போன நாற்காலியும், அதில் வந்து உட்கார்ந்தவரின் அதிர்ஷ்டமும்தான் அங்கே பேசுபொருள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1956-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மதுரை வீரன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'தாய்க்குப் பின் தாரம்', 'ரங்கோன் ராதா' என ஒரே வருடத்தில் இத்தனை படங்கள்.

அவர் நடிப்பின் அடிப்படை அவருடைய குரல். பின்னணிப் பாடல் முறை வந்தபிறகு பெரும்பாலான நாயகிகள் இரண்டு பெண்களால் ஆனவர்கள். பேசுவது ஒருவர், பாடுவது இன்னொருவர். பாட்டு தொடங்கும்போது நமக்குத் தெரியாமலே ஆள் மாறிவிடுவார். பானுமதி தன் பாடல்களைத் தானே பாடினார். அதனால் வசனத்திலிருந்து பாட்டுக்குப் போகும்போது அவரிடம் தையல் தெரியாது. அலிபாபா படத்து மார்ஜியானா ஒரு நடனக்காரி. ஆனால் பேசும்போதும் பாடும்போதும் அதே சற்றுக் கனத்த, எதையும் கெஞ்சிக் கேட்காத குரல். ஆபத்து வரும்போது அலிபாபாவைக் காப்பாற்றப்போகிற மூளை இவளுடையது என்று நாம் நம்புவதற்கு அந்தக் குரல் போதும்.

இந்தக் குரலின் உச்சம் என்று நான் நினைப்பது 'ரங்கோன் ராதா'. அண்ணாவின் கதை, கருணாநிதியின் வசனம், ஏ. காசிலிங்கத்தின் இயக்கம். சிவாஜி ஏற்ற தர்மலிங்க முதலியாருக்கு மனைவியின் தங்கைமேல் ஆசை, சொத்தின்மேலும் ஆசை. அதற்காக மனைவி ரங்கத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கிறார். ரங்கமாக பானுமதி. பார்த்த உடனே இரக்கம் வரவழைக்கும் நடிகை ஒருவரை இதில் போட்டிருந்தால் இது ஓர் அபலையின் கதையாகியிருக்கும், நாமும் உச்சுக்கொட்டியிருப்போம். பானுமதி என்பதால் நடப்பதே வேறு. படத்திலேயே தெளிவான ஆள் அவர்தான் என்று பார்வையாளருக்கு ஒரு கணம்கூடச் சந்தேகமில்லை. ஆகவே ஊர் அவரைப் பைத்தியம் என்னும்போது நமக்கு வருவது கோபம். ஒரு பெண்ணின் தெளிவையே நோயாக மாற்றிச் சொல்ல முடியும் என்பதுதான் அந்தப் படத்தின் விஷயம். திரைக்கு வெளியே 'திமிர்' என்ற சொல் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலை.

சரி, அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? பிறவிக் குணம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது ஓர் ஏற்பாடாகத் தெரிகிறது. நான் எழுதுவது மென்பொருள். ஒரு புதிய அமைப்பைப் பார்த்தால் நாங்கள் முதலில் கேட்பது, இது எத்தனை பிறவற்றை நம்பி நிற்கிறது என்பது. பானுமதியின் வாழ்க்கை முழுக்க அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனது. 1939-ல் 'வர விக்ரயம்' படத்தில், வரதட்சணைக் கொடுமையில் உயிரை விடும் காளிந்தியாக அறிமுகமானபோது அவருக்குப் பதின்மூன்று வயது. 1943-ல் பி.எஸ். ராமகிருஷ்ண ராவைக் காதலித்து மணந்தார். பிறகு மகன் பரணியின் பெயரில் பட நிறுவனம், ஸ்டூடியோ. 1953-ல் 'சண்டிராணி'யை இரட்டை வேடத்தில் நடித்து, தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் தானே இயக்கினார். 'அத்தகாரி கதலு' என்று தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகளுக்குத் தனி வாசகர்கள் இருந்தார்கள். குரல் சொந்தம், ஸ்டூடியோ சொந்தம், பேனா சொந்தம். இவ்வளவும் இருந்தால்தான் மன்னிப்புக் கடிதம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியும். அந்த வசதி இல்லாத எத்தனையோ நடிகைகள் எழுதிக் கொடுத்துவிட்டு மேக்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களை நாம் 'பணிவானவர்' என்று பாராட்டியிருப்போம்.

சாவித்திரி மகத்தான நடிகை, அதில் விவாதமில்லை. ஆனால் 2018-ல் 'நடிகையர் திலகம்' வந்தபோது என் வயதுக்காரர்கள் கண்ணீரோடு பகிர்ந்ததில் பெரும்பகுதி குடி, கடன், 'பிராப்தம்' தந்த நஷ்டம், கோமா. நாம் விழுந்தவர்களை நேசிக்கிறோம். விழுந்தவர்மேல் இரக்கப்படலாம், இரக்கம் நம்மை உயரத்தில் வைக்கிறது. 2005-ல், எண்பது வயதில், எழுதியும் இயக்கியும் இசைக்கல்லூரி முதல்வராக இருந்தும் முடித்துவிட்டு இறந்த பெண்ணை வைத்து என்ன செய்வது? அழ இடமில்லை. திமிர் என்கிறோம்.

பானுமதிக்கும் எல்லைகள் உண்டு. அந்தக் கம்பீரம் பிற்காலத்தில் ஒரு பாணியாக இறுகியது. அதட்டும் பணக்கார அம்மா, அதட்டும் பாட்டி என்று இயக்குநர்கள் அவரை அதற்கே அழைத்தார்கள். 'செம்பருத்தி' பாட்டியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை மிகையாகத் தோன்றலாம். ஆனால் 'அன்னை'யில், வளர்த்த பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சும் தாயாக, அதே அதட்டலுக்கு அடியில் பயத்தையும் வைத்துக் காட்டியவர் அவர்.

இந்த வாரம் 'ரங்கோன் ராதா' பாருங்கள். ஊர் ரங்கத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு காதிலும், பானுமதியைப் பற்றி நம் வீடுகளில் சொல்வதை இன்னொரு காதிலும் வைத்துக்கொண்டு பாருங்கள்.